நல்லம்மா பெயருக்கு எதிரே இரண்டு சொல்

பினாங்கில் இலங்கைத் தமிழர் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் ஜாதகத்தோடு சாத்திரியாரிடம் போவார்கள். அடுத்தபடி ஏரம்பமூர்த்தியிடம் வருவார்கள். சாத்திரியார் கெட்டதாக ஏதாவது சொன்னால் அதற்குப் பரிகாரம் உண்டு. ஏரம்பமூர்த்தி சொன்னால் கிடையாது.

கிரீன் லேனில் இருந்த அவருடைய ஒற்றை மாடி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்காருவார்கள். அவர் பச்சைத் துணி அட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்றை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசிப்பார். மாப்பிள்ளையின் பாட்டனார் எந்த ஊர், எந்த ஆண்டு கப்பல் ஏறினார், முதல் தாரமா இரண்டாம் தாரமா, யாருக்குப் புத்தி பேதலித்தது, யார் யாரோடு ஓடினார் எல்லாம் அதில் இருந்தன. நல்லதையும் கெட்டதையும் ரயில் வரும் நேரத்தை அறிவிப்பவர் மாதிரி ஒரே தொனியில் சொல்வார்.

“கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லப்படாதா அண்ணே?” என்று ஒரு பெண்ணின் தாயார் ஒருமுறை கேட்டேவிட்டாள்.

“பூசி மெழுகுறதுக்கு வேற ஆக்கள் இருக்கினம், தங்கச்சி. நான் வாசிக்கிற ஆள்.”

அது உண்மைதான். கொப்பியைத் தொடங்கியவர் அவரல்ல; அவருடைய அப்பா விநாசித்தம்பி. புக்கிட் மெர்தாஜாமில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில் வராத நேரங்களில் சொந்தக்காரர்களை எழுதிவைத்தார். அந்த நாளில் ரயில்கள் குறைவு என்பதால் சொந்தக்காரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மகன் அதைப் பக்கம் பக்கமாகப் புதுக் கொப்பிக்கு மாற்றினார். காற்புள்ளி மாறவில்லை.

மாற்றுவது அவருக்கு வழக்கமும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் குமாஸ்தாவாக 1988இல் ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய மேசையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. மலாயில் நாலு சொல். மூலத்துக்கு மாறில்லாத நகல் என்று அர்த்தம். முப்பத்து நாலு வருடம் அதைக் குத்தியவர். மூலம் சரியா தப்பா என்பது முத்திரை குத்துகிறவன் பாடு அல்ல என்பது அவருடைய கொள்கை. கொள்கை இருக்கும் மனிதர்களைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். அவர்களுடைய தங்கைகளைக் கேட்டுவிட்டுப் பேசுவதில்லை.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். நல்லம்மா. அவரைவிடப் பதினொரு வயது இளையவள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது எல்லாம் அண்ணன்தான். பிறகு அவள் தாதியாகப் படித்து, ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். அங்கே மருந்து கட்டும் பிரிவில் தங்கராஜு என்று ஒருவர். நல்ல மனிதர், நல்ல வேலை, நல்ல தமிழ். தகப்பனார் மட்டும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், இந்தியாவிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா குடும்பங்களுக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் இடையில் அன்று இருந்த தூரம், பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையில் இருக்கும் கடலைவிட அதிகம். கடலுக்காவது பெர்ரி இருந்தது.

1973இல் அவள் தங்கராஜுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பதிவு நடந்த செய்தி இலாகா ஆட்கள் மூலம் ஏரம்பமூர்த்திக்கு மத்தியானமே தெரியும். சாயங்காலம் அப்பாவுக்குச் சொன்னதும் அவர்தான். விநாசித்தம்பி சத்தம் போடவில்லை. கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நல்லம்மா பெயருக்கு எதிரே, கணவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தாண்டி, “சந்ததி இல்லை” என்று எழுதி, மை உலரும்வரை கொப்பியைத் திறந்தே வைத்திருந்தார்.

அந்த வம்சக் கொப்பிகளில் அது ஒரு வழக்கம். வெளியில் கட்டிப்போனவர்களை வெட்டுவதில்லை. வெட்டினால் வெட்டு தெரியும். சந்ததி இல்லை என்று எழுதினால் கிளை தானாக நின்றுவிடும், பார்க்கிறவனும் பாவம் என்று கடந்துவிடுவான். நாகரிகமான ஏற்பாடு.

நல்லம்மாவும் தங்கராஜுவும் அடுத்த வருடமே இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். 1975இல் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உறை தடிப்பாக இருந்தது. உள்ளே புகைப்படம் இருக்கிறது, பிள்ளை பிறந்திருக்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. அப்பா உறையைத் திறக்கவில்லை. “இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை எண்டு எழுதி அனுப்பு” என்றார். ஏரம்பமூர்த்தி எழுதினார். அவருடைய கையெழுத்து இலாகா முழுக்கப் பேர்பெற்றது. அந்தக் கையெழுத்தில் எழுதக் கற்றுக்கொண்ட ஒரே ஆளுக்கு அந்த உறை திரும்பிப் போனது.

ஒரு தடவை பார்த்த பதிவு எண்ணைப் பத்து வருடம் கழித்துச் சொல்லக்கூடிய மனிதர், அந்த உறையின் பின்பக்கத்து முகவரியை மட்டும் பார்க்காமல் எழுதினார். லெஸ்டர் என்ற ஊர்ப்பெயர் தவிர வேறொன்றும் தங்கவில்லை.

1979இல் அப்பா காலமானார். தகவல் சொல்ல முகவரி இல்லை.

ஏரம்பமூர்த்திக்கும் மனைவி கனகேஸ்வரிக்கும் பிள்ளை கிடையாது. கொப்பியில் மகன் பெயருக்கு எதிரே அப்பா ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தார், நம்பிக்கையோ மரியாதையோ. ஆகவே அந்தக் கொப்பியின்படி, பிள்ளை பெற்றவளுக்குச் சந்ததி இல்லை, பெறாதவருக்கு வெற்றிடம். விநாசித்தம்பியின் இரத்தத்தில் அடுத்த தலைமுறையாகப் பூமியில் இருந்தது லெஸ்டரில் எங்கேயோ ஒரே ஒரு பிள்ளை. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அந்தப் பிள்ளை இல்லை.

கனகேஸ்வரி இதை அடிக்கடி சொல்வதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை சொல்வாள். “ஊர்ப் பிள்ளையளின்ர பேரெல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறியள். உங்கட மருமகப் பிள்ளை ஆணா பெண்ணா எண்டு தெரியுமே?”

அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

அறுபத்தைந்து வயதில் நெஞ்சு வலி ஒன்று வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. தங்கையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்தார். இரண்டு பேரில் ஒருவர் போவதற்குள்.

அது 1998. குவீன் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடியில் நூர் பீவி என்ற விதவை தட்டெழுத்துப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். தட்டெழுத்துப் படிக்க ஆள் வராமல் போனதும், இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஏழு கணினி வாங்கி, பலகையில் ‘தட்டெழுத்து’ என்ற இடத்தை மட்டும் சுரண்டி ‘சைபர்’ என்று எழுதிக்கொண்டாள். பாடம் நடத்துகிற விஷயத்தில் அவள் மாறவில்லை. இரண்டு விரலால் தட்டுகிறவனைக் கண்டால் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

ஏரம்பமூர்த்தி ஒரே விரலால் தட்டினார்.

“அங்கிள், நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன் லா” என்றாள் மூன்றாம் நாள். “உங்களப் பாத்தா எனக்குக் கை வலிக்குது.”

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். அதற்கென்று அவர் ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டார். இணையத்தில் பார்க்கும் ஒவ்வொரு இடத்தையும் எழுதி, எதிரே அபிப்பிராயம் எழுதினார். ஒன்றுக்கு, “ஸ்காட்லாந்துக்காரருக்கு உதவும்.” இன்னொன்றுக்கு, “குடும்பச் சின்னம் பொறித்த கேடயம் விற்கிறார்கள். நமக்குக் கேடயம் இருந்ததில்லை.” மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் பழைய பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் பக்கத்துக்கு, “நம்பத் தகுந்தது. அப்பா 1929இல் சேர்ந்தார் என்பது சரி.” இலங்கைத் தமிழர் கூடிப் பேசும் ஒரு கேள்விப் பலகைக்கு, “சண்டை அதிகம். இடையில் தகவலும் உண்டு.” பல இடங்கள் குடும்பப் பெயரைக் கொடு என்று கேட்டன. நமக்கு அது கிடையாது, தகப்பன் பெயர்தான் என்பதை விளக்க அந்தப் பெட்டிகளில் இடம் இல்லை.

லெஸ்டர்த் தொலைபேசிப் புத்தகமும் இணையத்தில் இருந்தது. தங்கராஜு என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் கடிதம் போட்டார். இரண்டு பேர் பதில் எழுதவில்லை. மூன்றாமவர் எழுதினார்: தான் கிள்ளானைச் சேர்ந்தவன், நல்லம்மா யாரென்று தெரியாது, ஆனால் ஐயா தேடுவதில் கெட்டிக்காரர் போலிருக்கிறது, 1969இல் காணாமல்போன என் தமையனையும் கொஞ்சம் பார்க்க முடியுமா?

“பாருங்க, உங்களுக்கு வேலை குடுக்கிறாங்க” என்றாள் நூர் பீவி.

கேள்விப் பலகையில்தான் அந்த யோசனை கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தாள்: ஆட்களைத் தேடி அலையாதீர்கள், உங்கள் வம்சத்தை நீங்களே ஒரு பக்கமாகப் போட்டு வையுங்கள், தேடுகிறவர்கள் வந்து சேருவார்கள். இலவசமாக இடம் கொடுக்கிறார்கள்.

ஏரம்பமூர்த்தி அதை இரண்டு தடவை வாசித்தார். வீட்டில் வந்து, “எண்டைக்காவது ஒருநாள் அவள் புக்கிட் மெர்தாஜாம் எண்டு தேடிப் பாப்பாள்” என்றார்.

கனகேஸ்வரி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். “பாத்தால்?”

“எங்கட பக்கம் வரும். அடியில என்ர விலாசம் இருக்கும்.”

“அவளின்ர பேருக்குப் பக்கத்தில என்ன இருக்கும்?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“இஞ்ச பாருங்கோ, அந்த ரெண்டு சொல்லையும் எடுத்துப்போட்டுப் போடுங்கோ. கொப்பியில கிடக்கட்டும். அதில வேண்டாம்.”

“அப்பா எழுதினது, கனகேசு. ஒரு இடத்தில மாத்தினால் மற்ற நானூறு பேரும் வந்து நிப்பினம். என்ர பாட்டன்ர ரெண்டாந் தாரத்தை எடு, என்ர மாமன்ர பைத்தியத்தை எடு எண்டு. நகல் எண்டால் நகல்தான்.”

“அவள் உங்கட தங்கச்சி. நானூறு பேரில ஒருத்தி இல்லை.”

“அவள் வரட்டும். வந்தவுடன அவளிட்டயே கேட்டு, பிள்ளையின்ர பேர், பிறந்த தேதி எல்லாம் வாங்கி முறையாத் திருத்துறன். ஆதாரம் இல்லாமல் என்னத்தை எழுதச் சொல்லுறீர்? ஒரு பிள்ளை, பேர் தெரியாது, ஆணோ பெண்ணோ தெரியாது எண்டோ?”

குமாஸ்தாவின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். கனகேஸ்வரி முருங்கையிலைக்குத் திரும்பினாள்.

தமிழெழுத்து அன்று ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு கோலமாகத் தெரிந்ததால் பக்கத்தை ஆங்கிலத்தில் போட்டார்கள். நூர் பீவி அடிக்க ஏழு வாரம் ஆனது. அவளுக்கும் ஒரு கொள்கை உண்டு. அவருடையதற்கு நேர் எதிர். யாருடைய கடிதத்தை அடித்தாலும் திருத்தித்தான் அடிப்பாள். மாமியாருக்கு எழுதுகிற மருமகளின் கடிதத்தில் இரண்டு வசவைக் குறைப்பாள். வேலை கேட்டு எழுதுகிறவனுக்கு ஒரு வருடம் அனுபவம் கூட்டுவாள். அப்படிப்பட்டவள் நல்லம்மாவின் வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“இந்த அம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லையா அங்கிள்?”

“அடியும்.”

“இல்ல, நீங்க தேடறது இவங்களத்தானே? பிள்ளை பொறந்திச்சின்னு சொன்னீங்க. நான் சும்மா விட்டுடவா? காலியா இருக்கட்டும்.”

“இருக்கிறபடி அடியும், நூர் பீவி.”

அவள் அடித்தாள். அன்றைக்குக் கொஞ்சம் பலமாக அடித்த மாதிரி இருந்தது.

பக்கம் ஏறியது. அடியில் அவருடைய மின்னஞ்சல் முகவரி. அடுத்த மாதங்களில் கடிதங்கள் வரத்தான் செய்தன. டொராண்டோவிலிருந்து ஒருவர் தன் பெரியப்பாவின் இறந்த தேதி ஒருநாள் தள்ளியிருக்கிறது என்று சண்டை பிடித்தார். நோர்வேயிலிருந்து ஒருவர் தன் தம்பிக்குப் பெண் கேட்டார். முடி வளர்க்கும் தைலக்காரர் ஒருவர் இரண்டு தடவை எழுதினார். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் ஏரம்பமூர்த்தி மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நடுவில் ஒருமுறை நிற்பார். நூர் பீவி மேலேயிருந்து பார்த்து, ஒன்றுமில்லையென்றால் தலையை ஆட்டுவாள். அப்படியிருந்தும் அவர் மிச்சப் படியையும் ஏறி வந்து தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்.

1999 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலையை ஆட்டவில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி:

‘திரு ஏரம்பமூர்த்தி அவர்களுக்கு,

நீங்கள் போட்டிருக்கும் பக்கத்தை நாங்கள் சென்ற டிசம்பரில் பார்த்தோம். என் அப்பா தங்கராஜு 1991இல் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு ஒரு வருடமாக உடம்பு சரியில்லை. வீட்டிலேயே இருந்தார். புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனின் படம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். நான் தேடினேன். உங்கள் பக்கம் வந்தது.

அம்மா முதல் பெயரிலிருந்து வாசித்தார். இது என் அண்ணாவின் வேலை, தேதி ஒன்றுகூடப் பிசகாது பார் என்று பெருமையாகச் சொன்னார். ஒவ்வொருவரும் யார், எப்படிச் சிரிப்பார், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று மணி நேரம் ஆனது. அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு தன்னுடைய பெயருக்கு வந்தார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவர் நகல் எடுத்திருப்பார், அப்பா எழுதியதை அண்ணா மாற்றமாட்டார் என்றார். அடுத்த நாட்களிலும் இரண்டு மூன்று தடவை அதையே சொன்னார், நான் ஏதோ கேட்டதுபோல. நான் எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்கு எழுத விரும்பினார். அவர் சொல்வதை அடிப்பதற்காக நான்கு நாள் உட்கார்ந்தேன். அன்புள்ள அண்ணாவுக்கு என்பதற்குமேல் போகவில்லை. மார்ச் மாதம் இறந்துவிட்டார்.

இதை வாசித்தபின் அந்த வரியைத் திருத்தவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து திருத்தாதீர்கள். அம்மா வாசித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு அதில் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நல்லம்மாவின் மகள்.’

ஏரம்பமூர்த்தி வாசித்து முடித்தார். மறுபடி மேலே போய், திருத்தம் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாக வந்தார். கீழே ஜவுளிக் கடையில் யாரோ ஒரு பெண்மணி சேலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். விலை படிந்து, அவள் போயும் விட்டாள்.

“பிரிண்ட் எடுக்கவா அங்கிள்?”

தலையை அசைத்தார். தாள் வெளியே வரும்போது நூர் பீவி வாசித்தாள். வாசித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மகள்” என்றார் அவர். “மகள் போல கிடக்கு.”

“ஆமா அங்கிள். மகள்தான்.”

அவள் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ரெண்டு நிமிஷ வேலை. இப்பவே மாத்திரலாம். ஒரு மகள்னு போடுவோம்.”

“வேண்டாம் எண்டு எழுதியிருக்குது.”

“அது கோவத்துல எழுதினது. கோவத்துல எழுதற லெட்டர் நான் எத்தன அடிச்சிருக்கேன். வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமா? நாளைக்கே அந்தப் புள்ள திறந்து பாக்கும், மாமா மாத்திட்டாருன்னு அழும்.”

“இல்லாட்டி, கேட்ட ஒண்டையும் இந்த ஆள் செய்யேல்லை எண்டு நினைக்கும்.”

அவர் அந்த ஏழு வாரம் போட்ட பக்கத்தைத் திறக்கச் சொன்னார். நல்லம்மாவின் வரியில் நின்றது. முதல்முதலாக அவருக்கு அதைத் திருத்தவேண்டும் என்று கை பரபரத்தது. அப்பா இல்லை. நானூறு பேர் வந்து நின்றாலும் சரிதான் என்றிருந்தது. ஆதாரமும் கையில் இருந்தது, இன்னும் சூடாக. எல்லாம் சரியாக இருந்தது, திருத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டது தவிர.

“மூடும்” என்றார்.

வீட்டில் கனகேஸ்வரி தாளை வாங்கி ஜன்னலடிக்குப் போய் வாசித்தாள். ஆங்கிலம் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். பதினொரு வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், ஒரே சீப்பில் தலைவாரியவளின் சாவை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து, தாளை மடித்து, மறுபடி விரித்து, இன்னும் ஒழுங்காக மடித்தாள்.

“நான் சொன்னனான்தானே எண்டு சொல்ல மாட்டன்” என்றாள்.

“சொல்லிப்போட்டீர்.”

“ஓம்.” பிறகு, “போய் முழுகிப்போட்டு வாங்கோ. அஞ்சு மாசம் எண்டாலும் இண்டைக்குத்தானே கேள்விப்படுறம்.”

அவர் கிணற்றடியில்லாத வீட்டின் குளியலறையில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். வழக்கப்படி மூன்று வாளி போதும். கனகேஸ்வரி எண்ணிக்கொண்டிருந்தவள் ஒன்பதுக்குப் பிறகு கதவைத் தட்டினாள்.

அடுத்த செவ்வாய் பதில் அனுப்பினார். நூர் பீவியிடம் இரண்டு பக்கம் சொல்லி அடிக்கவைத்தார். அவள் ஒரு சொல்லையும் திருத்தாமல் அடித்தாள். பிறகு எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி மூன்று வரி மட்டும் அனுப்பினார். கடிதம் கிடைத்தது. வரியைத் திருத்தவில்லை. திதி கொடுக்க வேண்டும், அம்மா இறந்த நாள் எதுவென்று மட்டும் தெரிவிக்க முடியுமா.

பதில் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்து இன்னொன்று எழுதினார். அதில் திதியைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்குச் சைக்கிளின் பின்னால் உட்காரப் பிடிக்காது, முன் கம்பியில்தான் உட்காருவாள் என்று எழுதியிருந்தார். அதற்கும் பதில் இல்லை.

கோயில் குருக்களிடம் கேட்டபோது, நாள் தெரியாதவர்களுக்கு அந்த மாதத்து அமாவாசையில் கொடுக்கலாம் என்றார். “நாள் தெரியாமல் ஆருக்கு?” என்று குருக்கள் ஆச்சரியப்பட்டார். தீவில் இருந்த எல்லாருடைய நாளும் தெரிந்த மனிதர் அல்லவா. ஏரம்பமூர்த்தி தங்கச்சிக்கு என்றார். உங்களுக்குத் தங்கச்சி இருந்ததா என்று குருக்கள் கேட்டார். அவர் வந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த தையில் ஒரு கல்யாணப் பேச்சு. பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சந்திரிகா என்ற பெண், தானே நேரில் வந்திருந்தாள். வங்கியில் வேலை, கேள்வி கேட்கிற வகை. மாப்பிள்ளை கதிர்காமநாதன் என்பவரின் பேரன். அந்த வழியில் விநாசித்தம்பி குடும்பத்துக்கே தூரத்து உறவு. கனகேஸ்வரி தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஏரம்பமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கொப்பியைத் திறந்து, மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து வாசித்து வந்தார். தன் குடும்பத்தின் பக்கத்துக்கு வந்தார்.

“விநாசித்தம்பி. ஸ்டேஷன் மாஸ்டர். மூத்தவர் ஏரம்பமூர்த்தி, நான். பிள்ளையள் இல்லை. இளையவள் நல்லம்மா. புருசன் தங்கராஜு, ஆஸ்பத்திரியில மருந்து கட்டுறவர். ரெண்டு பேரும் காலமாகிட்டினம். ஒரு மகள்.”

கனகேஸ்வரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சந்திரிகா கொப்பியைத் தலைகீழாக எட்டிப் பார்த்தாள். “அங்கிள், இதுல சந்ததி இல்லைன்னுதானே போட்டிருக்கு?”

“ஓம். அப்பிடித்தான் எழுதியிருக்குது.”

“அப்ப மகள்னு சொன்னீங்க?”

“மகள் இருக்கிறா.”

“அப்படியா.” அவளுக்கு வங்கிப் பழக்கம், விவரம் முழுதாக வேண்டும். “பேர் என்ன?”

அவர் கொப்பியைப் பார்த்தார். அதில் இருக்காது என்று தெரிந்தும், எல்லாக் கேள்விக்கும் அங்கே பார்த்துத்தான் பழக்கம்.

“தெரியாது, பிள்ளை” என்றார். “இங்கிலாந்தில இருக்கிறா” என்று சேர்த்துக்கொண்டார். பிறகு விரலை எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி, தன் சித்தப்பாவின் முதல் தாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.